மட்டக்களப்பு வளவில் வோட்டர்கிரெஸ்: மாரிக்கு வைத்துப் பார்க்கலாமா?

பண்டாரவளைப்பிள்ளை (களுவாஞ்சிக்குடி):

எல்லோருக்கும் வணக்கம். நான் பிறந்து வளர்ந்தது குளிரான மலைநாட்டில், பண்டாரவளைப் பக்கம். கல்யாணம் முடித்துக் களுவாஞ்சிக்குடிக்கு வந்து இங்கேயே இருக்கிறேன். எங்கள் வீட்டில் வோட்டர்கிரெஸ் அடிக்கடி சமைக்கிற இலைக்கறி. இங்கே சந்தையில் கேட்டால் கங்குனை எடுத்துக் காட்டுகிறார்கள்.

போன கிழமை தம்பி வந்தபோது இரண்டு கட்டு கொண்டுவந்தான். சமைத்தது போக மிச்சத் தண்டுகளைப் போத்தலில் தண்ணீர் விட்டு ஜன்னலோரம் வைத்தேன். இப்போது ஒவ்வொரு கணுவிலும் மெல்லிய வெள்ளை வேர் இறங்கியிருக்கிறது. ஒரு கணுவில் கடுகளவுக்குப் புது இலையும் வந்துவிட்டது. தூக்கி எறிய மனம் வரவில்லை.

வளவு முழுக்க மணல். கிணற்றுத் தண்ணீர் மாரியில் நல்லது, ஆவணி புரட்டாதியில் கொஞ்சம் சவர் தட்டும். மாமர நிழல் இருக்கிறது, காலை வெயில் மட்டும் விழும் இடமும் இருக்கிறது. ஐப்பசி பிறந்து மழையும் தொடங்கிவிட்டது. இதை இங்கே வைத்தால் வருமா? வருமென்றால் தண்ணீர் நிற்கிற பேசினில் வைப்பதா, மண்ணில் வைப்பதா? சின்னப் பிள்ளைகள் இருக்கிற வீடு, அதனால் டெங்குப் பயமும் இருக்கிறது.

வயல்காரன் (வவுணதீவு):

தங்கச்சி, குளிர் நாட்டுச் சாமானை இந்தச் சூட்டில் கொண்டுவந்து ஏன் வதைக்கிறீர்கள்? கங்குன் வையுங்கள், வல்லாரை வையுங்கள். இரண்டும் ஈரத்தில் வரும், இரண்டுக்கும் நம்முடைய வெயில் பழக்கம். பங்குனி தாண்டினால் உங்கள் செடி இருந்த இடம் தெரியாது. ஆசைக்கு நான் குறுக்கே நிற்கவில்லை, மினக்கெட்ட பிறகு மனம் நோகக்கூடாது என்றுதான் சொல்கிறேன்.

கூட்டெரு (ஆரையம்பதி):

மகள், வைக்கலாம். ஆனால் வருஷம் முழுக்க நிற்கும் என்று வைக்காதீர்கள். மாரிப் பயிராக மட்டும் நினைத்துக்கொள்ளுங்கள். விவசாயப் போதனாசிரியராக வேலை செய்து ஓய்வு பெற்றவன் நான். இந்தக் கேள்வி எனக்குப் பிடித்த கேள்வி என்பதால் கொஞ்சம் நீட்டித்தான் எழுதப் போகிறேன்.

இது கடுகு, கோவா, முள்ளங்கி எல்லாம் சேர்ந்த குடும்பத்துச் செடி. நாஸ்டர்டியம் அஃபிசினாலே என்பது அறிவியல் பெயர். ஐரோப்பாவும் மேற்கு ஆசியாவும் பிறந்த இடம். தண்டுக்குள்ளே வெறும் கூடு, அதனால் தண்ணீரில் மிதக்கும். கடிக்கும்போது மூக்குக்கு ஏறுகிற அந்தக் காரம் கடுகுக் குடும்பத்துக் காரமேதான்: இலை நசுங்கும்போதுதான் அது உண்டாகிறது.

தண்ணீரில் வளர்கிற செடிதானே, தண்ணீர் விட்டால் வந்துவிடும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அதற்கு வேண்டியது குளிர்ந்த, பிராணவாயு நிறைந்த தண்ணீர். 10 முதல் 25 பாகை செல்சியஸ் வரைக்கும் சந்தோஷமாக இருக்கும். நமது கிணற்றுத் தண்ணீர் கைக்குக் குளிர்ச்சியாகத் தெரிந்தாலும் உண்மையில் 27, 28 பாகை இருக்கும். நிலத்தடி நீரின் சூடு அந்த ஊரின் வருஷச் சராசரிச் சூட்டை ஒட்டித்தான் நிற்கும், அதை மாற்ற முடியாது. தண்ணீர் சூடாகச் சூடாக அதில் கரைந்திருக்கிற பிராணவாயு குறையும், மறுகா வேர் அழுகும். ஆகவே நம்முடைய ஊரில் நிற்கிற தண்ணீரில் வைப்பதைவிட, ஓயாமல் ஈரமாக இருக்கிற மண்ணில் வைப்பது நல்லது. மண்ணுக்குள் காற்றும் போகும், நுளம்பும் வராது.

அடியில் ஓட்டை உள்ள, ஒரு சாண் ஆழமான அகலத் தொட்டி எடுங்கள். கூட்டெரு ஒரு பங்கு, தும்புத்தூள் ஒரு பங்கு, மணல் ஒரு பங்கு. தும்புத்தூள் கொஞ்சம் புளிப்புப் பக்கம், இந்தச் செடிக்கோ மண்ணின் புளிப்பைக் காட்டுகிற பிஎச் அளவு 6.5 இலிருந்து 7.5 வரை வேண்டும். முட்டைக் கோதை நன்றாக இடித்து ஒரு கைப்பிடி கலந்துவிடுங்கள். வேர் வந்த தண்டை இரண்டு கணு மண்ணுக்குள் போகும்படி சரித்து நட்டு, காலை வெயில் மட்டும் விழும் இடத்தில் வையுங்கள். மழை இல்லாத நாளில் காலையும் மாலையும் தண்ணீர். மேல்மண் ஒரு பொழுது காய்ந்தாலும் இலை சுருண்டுவிடும்.

இலையைப் பச்சையாகத் தின்பதாக இருந்தால் மாட்டெருவை ஊறவைத்த தண்ணீர் ஊற்றக்கூடாது. நன்றாக உக்கிய கூட்டெரு போதும்.

லண்டன் தம்பிலுவிலான்:

கூட்டெரு ஐயா சொன்ன குளிர்த் தண்ணீர் விஷயத்தை நான் கண்ணால் கண்டிருக்கிறேன். இங்கிலாந்தின் தெற்கே ஹாம்ஷயர் மாவட்டத்தில் அல்ரெஸ்ஃபர்ட் என்று ஒரு சிற்றூர், இந்தக் கீரைக்கே பேர் போனது. அங்கே நிலத்தடியில் சுண்ணப்பாறை. மழைத் தண்ணீர் அதற்குள் இறங்கி ஊற்றாக வெளியே வரும்போது, மாரியோ கோடையோ, 10, 11 பாகை அளவிலேயே இருக்கிறது. பரந்த சரளைக்கல் பாத்திகள் கட்டி, அதன்மேல் விரல்கணு ஆழத்துக்கு அந்தத் தண்ணீரை ஓட விடுகிறார்கள். கரையில் நின்று பார்த்தால் தண்ணீரே தெரியாது, பச்சை மட்டும்தான். ஓடுகிற சத்தம் கேட்கும்.

இங்கிலாந்தில் வியாபாரப் பயிராக இதை முதலில் தொடங்கியவர் வில்லியம் பிராட்பெரி என்பவர், 1808 இல், கென்ட் மாவட்டத்தில். அப்புறம் ரயில் பாதை வந்ததும் அல்ரெஸ்ஃபர்ட்டிலிருந்து லண்டனுக்குக் கூடை கூடையாக அனுப்பினார்கள். கூலி வேலைக்காரர்கள் பாணுக்குள் வைத்துத் தின்றுவிட்டு வேலைக்குப் போவார்களாம். பணமில்லாத நாளில் பாண் இல்லாமல் கீரை மட்டும். அந்தப் பாதையில் இன்றைக்கும் நீராவி ரயில் ஓடுகிறது, அதன் பெயரே வோட்டர்கிரெஸ் பாதைதான்.

அக்கா கேட்டது வீட்டு வளவு என்று தெரியும். ஓட்டமுள்ள தண்ணீர் கிடைத்தால் நம்முடைய சூட்டிலும் கொஞ்சம் சமாளிக்கும் என்று நினைக்கிறேன். மீன் தொட்டிக்குப் போடுகிற சின்ன மோட்டார் போட்டுத் தண்ணீரைச் சுற்ற விட்டால் என்ன?

வயல்காரன் (வவுணதீவு):

ஓட்டமுள்ள தண்ணீர் என்றால் எங்கள் பக்கம் உன்னிச்சைக் குளத்து வாய்க்காலே இருக்கிறதே. தங்கச்சிக்கு முடியாவிட்டாலும் எங்கள் வாய்க்கால் ஓரத்தில் நான் வைத்துப் பார்க்கலாம் போல இருக்கிறது.

நிந்தவூர் நானா:

வாய்க்காலில் வேண்டவே வேண்டாம் தம்பி. சுகாதாரப் பகுதியில் வேலை செய்கிறவன் என்ற முறையில் இதைக் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்கிறேன்.

முதலாவது, வயலுக்கு அடிக்கிற பூச்சிமருந்து எண்ணெய் முழுக்க வடிந்து வருவது வாய்க்காலுக்குத்தான். இரண்டாவதுதான் பெரியது. ஆடு, மாடு, எருமைகளின் ஈரலில் இலை வடிவில் ஒரு தட்டைப் புழு இருக்கும். அதன் முட்டை சாணியோடு வெளியேறித் தண்ணீரில் பொரிக்கும். பொரித்தது ஒருவகைச் சின்ன நத்தைக்குள் புகுந்து பெருகும். பிறகு நத்தையை விட்டு வெளியே வந்து, தண்ணீரில் நிற்கிற செடியின் தண்டிலும் இலையிலும் ஒரு கூடு கட்டிக்கொண்டு காத்திருக்கும். கண்ணுக்குத் தெரிகிற அளவில் இருக்காது. அந்த இலையை மனிதன் பச்சையாகத் தின்றால் குடலில் கூடு உடைந்து, புழு ஈரலுக்குள் நுழைந்து பித்தக் குழாயில் குடியேறும். உலகத்தில் மனிதருக்கு இந்த நோய் வருகிற வழிகளில் வோட்டர்கிரெஸ் முக்கியமானது. உப்புத் தண்ணீரில் கழுவினாலும் வினாகிரியில் ஊறவைத்தாலும் நம்ப முடியாது. சமைத்தால் சாகும்.

ஆகவே மாடு மேய்கிற இடத்துத் தண்ணீரில் வளர்ந்த எதையும் பச்சையாகத் தின்னக்கூடாது. வீட்டுத் தொட்டியில், மூடிய கிணற்றுத் தண்ணீரில், நத்தை ஏறாமல் வளர்த்தால் இந்தப் பயம் இல்லை. வீட்டில் வளர்ப்பதற்கு இதைவிடப் பெரிய காரணம் எனக்குத் தெரியவில்லை.

இனி டெங்கு. நுளம்பு முட்டையிலிருந்து பறக்கிற வரைக்கும் நம்முடைய சூட்டில் ஏழு முதல் பத்து நாள் போதும். தொட்டிக்குக் கீழே தட்டு வைத்தீர்களானால் மூன்று நாளுக்கு ஒருமுறை தண்ணீரைக் கொட்டிவிட்டுத் தட்டின் விளிம்பைத் தேய்த்துக் கழுவுங்கள். தண்ணீரை மாற்றினால் மட்டும் போதாது. நுளம்பு முட்டையைத் தண்ணீருக்குச் சற்று மேலே, தட்டின் உட்சுவரில்தான் ஒட்டுகிறது. தட்டுக் காய்ந்து கிடந்தாலும் அந்த முட்டை மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும், அடுத்த மழைக்குப் பொரிக்கும். வளவில் நுளம்பு பெருக விட்டால் 2007 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்கச் சட்டப்படி வழக்கும் வரும், அதையும் நினைவில் வையுங்கள்.

கூட்டெரு (ஆரையம்பதி):

நானா எழுதியது ஒவ்வொரு வரியும் சரி. தம்பிலுவில் தம்பி கேட்ட மோட்டாருக்கும் பதில் சொல்கிறேன். சுற்றிச் சுற்றி ஓடும் தண்ணீரில் பிராணவாயு கூடும், அது உண்மை. ஆனால் அதே தண்ணீர் திரும்பத் திரும்ப ஓடினால் சுற்றுப்புறச் சூட்டுக்கு வந்துவிடும். மோட்டார் தன் பங்குக்குக் கொஞ்சம் சூட்டையும் சேர்க்கும். மின்சாரக் கட்டணத்துக்கு இது பெறாது.

மட்பாண்டம் அதைவிட மேல். நெருப்பில் சுட்ட, பூச்சுப் பூசாத அகலச் சட்டி எடுத்தால் பக்கமெல்லாம் கசிந்து ஆவியாகும், உள்ளே மண் சில பாகை குளிரும். மார்கழியில் காற்றே ஈரமாக இருப்பதால் பெரிய வித்தியாசம் தெரியாது, மாசி பங்குனியில் தெரியும்.

காத்தான்குடி ராத்தா:

நான் மொட்டைமாடியில் கீரை போடுகிறவள், மண் உள்ள வளவு எங்களுக்குக் குறைவு. என் கைப்பழக்கம் ரெஜிபோம் பெட்டி. மீன்காரர் ஐஸ் போட்டுக் கொண்டுவருகிற வெள்ளைப் பெட்டிதான். கறுப்புப் பேசின் வெயிலில் கொதிக்கும், இது கொதிக்காது. எடுத்த உடனே மண் போட்டுவிடாதீர்கள், கடல் உப்பு ஊறியிருக்கும். இரண்டு மூன்று மழைக்கு வெளியே கிடக்க விட்டு, தேய்த்துக் கழுவி, மறுகா அடியிலிருந்து இரண்டு விரல் உயரத்தில் பக்கவாட்டில் ஓட்டை போடுங்கள். அடியில் அந்த இரண்டு விரலுக்குத் தண்ணீர் மண்ணுக்குள்ளேயே தேங்கி நிற்கும், மேலே மண் மூடியிருப்பதால் நுளம்புக்கு இடமில்லை. வல்லாரைக்கும் பொன்னாங்காணிக்கும் நான் இப்படித்தான் செய்கிறேன்.

விதை வாங்க நினைக்கிறவர்களுக்கு ஒன்று: பக்கெட்டில் நாஸ்டர்டியம் என்று பெரிதாக எழுதி, செம்மஞ்சள் பூப் படம் போட்டிருந்தால் அது வேறு செடி. பட்டாணி அளவு விதை இருக்கும். வோட்டர்கிரெஸ் விதை தூசு போல, ஊதினால் பறந்துவிடும்.

பண்டாரவளைப்பிள்ளை (களுவாஞ்சிக்குடி):

எல்லோருக்கும் பெரிய நன்றி. ராத்தா சொன்ன மாதிரி ஒரு ரெஜிபோம் பெட்டி, ஐயா சொன்ன மாதிரி ஒரு மண் சட்டி, இரண்டிலும் நட்டுவிட்டேன். கிணற்றடிக்குப் பக்கத்தில், மதிலின் மேற்குப் பக்க நிழலில் வைத்திருக்கிறேன். காலை வெயில் மதிலுக்கு மேலாகக் கொஞ்சம் விழும். மழை அடிக்கிற அடியில் மணல் தெறித்து இலையெல்லாம் படிகிறது. அதனால் கல் அடுக்கி உயர்த்திவிட்டு, சுற்றிவரப் பழைய கிடுகு போட்டேன். வளர்ந்ததும் எப்படி வெட்டுவது?

கூட்டெரு (ஆரையம்பதி):

தண்டு ஒரு சாணுக்கு வந்ததும் நுனியில் நான்கு விரல் வெட்டுங்கள். மண்ணுக்கு மேலே இரண்டு கணுவாவது மிஞ்ச வேண்டும், அங்கிருந்துதான் கிளைக்கும். வெட்ட வெட்டப் பரந்து கட்டும். வெட்டாமல் ஆசைக்குப் பார்த்துக்கொண்டிருந்தால் பூத்துவிடும். நான்கு இதழ் வெள்ளைப் பூ வந்தால் இலை கசக்கத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம்.

கோவாப் புழு இதற்கும் வரும். சொந்தக்காரச் செடியல்லவா, தேடி வந்துவிடும்.

மாமாங்கம் (மட்டக்களப்பு):

இடையில் புகுவதற்கு மன்னியுங்கள். இந்தக் கீரை உலகத்திலேயே முதலாம் இடம், புற்றுநோயையே மாற்றும் என்று முகநூலில் ஒரு பதிவு சுற்றுகிறது. அது உண்மையா?

நிந்தவூர் நானா:

முதலாம் இடம் என்பதற்கு ஒரு அடிப்படை இருக்கிறது. அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையம் நடத்துகிற ஆய்விதழில் 2014 இல் ஒரு கட்டுரை வந்தது. ஒரு கலோரிக்கு எவ்வளவு சத்து என்று 17 சத்துகளை வைத்துக் கணக்குப் பார்த்து, 41 பழம், மரக்கறிகளை வரிசைப்படுத்தினார்கள். அதில் வோட்டர்கிரெஸுக்கு 100 புள்ளி, முதலிடம். அவ்வளவுதான். நோயை மாற்றும் என்று அந்தக் கட்டுரை சொல்லவில்லை. நம்முடைய வல்லாரையும் பொன்னாங்காணியும் அந்தப் பட்டியலில் இல்லவே இல்லை, ஆகவே அவை குறைந்தவை என்றும் யாரும் எண்ண வேண்டாம். நோய்க்கு வைத்தியரிடம் போங்கள், கீரையைச் சோற்றோடு தின்னுங்கள்.

இன்னொன்று. இதயத்துக்கோ பாரிசவாதத்துக்கோ இரத்தம் உறையாமல் வாபரின் குளிசை எடுக்கிறவர்கள் வீட்டில் இருந்தால் கவனம். இந்த இலையில் வைட்டமின் கே மிக அதிகம், அது குளிசையின் வேலையைக் குறைக்கும். திடீரென்று நிறையத் தின்னத் தொடங்கக்கூடாது. கிளினிக்கில் சொல்லிவிட்டு, ஒரே அளவாகச் சேர்க்க வேண்டும். வல்லாரை, கங்குன், முருங்கையிலைக்கும் இந்தக் கவனம் வேண்டும்.

பண்டாரவளைப்பிள்ளை (களுவாஞ்சிக்குடி):

தை பிறந்துவிட்டது, சொல்லிவிட்டுப் போகலாம் என்று வந்தேன். நன்றாக வந்திருக்கிறது! ரெஜிபோம் பெட்டியில் இலை பெரிது, தண்டு தடிப்பு. மண் சட்டியில் கொஞ்சம் சின்ன இலை, ஆனால் காரம் கூட. இரண்டையும் பக்கத்தில் வைத்து மென்று பார்த்தால் தெரிகிறது.

ஐயா சொன்ன புழு வந்தது. மெல்லிய பச்சைப் புழு, இலையைத் தட்டினால் ஒரு இழையில் தொங்கிக்கொண்டு கீழே இறங்குகிறது. இலையின் பச்சையை அடிப்பக்கமாகச் சுரண்டித் தின்றுவிட்டு மேல் தோலை மட்டும் கண்ணாடி மாதிரி விட்டுவைக்கிறது. விடியக்காலையில் டோர்ச் அடித்துப் பொறுக்கினேன், வேப்பங்கொட்டை இடித்து ஊறவைத்து வடித்துத் தெளித்தேன். கட்டுப்பட்டது. நானா சொன்னதற்காக நத்தையைக் கண்டால் அந்த இடத்திலேயே எடுத்து எறிந்துவிடுகிறேன்.

மாமிக்கு முதலில் பிடிக்கவில்லை, கடுக்கிறது என்றார். பருப்போடு சேர்த்துப் பால் விட்டு ஆக்கிக் கொடுத்தேன். இப்போது அவரே வெட்டி எடுத்துக்கொண்டு வருகிறார்.

காத்தான்குடி ராத்தா:

மாஷா அல்லாஹ், சந்தோஷம் தங்கச்சி. அந்தக் காரத்துக்கு நல்ல சம்பல் சொல்கிறேன். இலையைக் கழுவி நீர் வடிய விட்டு, சுருட்டிப் பிடித்து மிக மெல்லிசாக அரியுங்கள். சின்ன வெங்காயம், கொச்சிக்காய், இடித்த மாசிக்கருவாடு, தேங்காய்ப்பூ எல்லாவற்றையும் முதலில் கையால் பிசைந்துவிட்டு, இலையைக் கடைசியில் போடுங்கள். உப்பும் தேசிக்காய்ப் புளியும் சோறு பரிமாறுகிற நேரத்தில்தான். முன்கூட்டியே விட்டால் இலை தண்ணீர் விட்டுத் தொய்ந்துவிடும். பொரித்த மீனும் வெள்ளைச் சோறும் இருந்தால் வேறு கறி தேவையில்லை.

சமைப்பதென்றால் அடுப்பை நிறுத்தும்போது போட்டு ஒரு பிரட்டு. கூட நேரம் வெந்தால் காரம் போய்விடும்.

வயல்காரன் (வவுணதீவு):

தங்கச்சி, நான் வராது என்று சொன்னதை நீங்கள் வரவைத்துக் காட்டிவிட்டீர்கள், மெத்தச் சந்தோஷம். ஆனால் பங்குனிக் கதை இன்னும் இருக்கிறது. கச்சான் என்கிற மேற்குக் காற்று வீசத் தொடங்கினால் எங்கள் பக்கம் பச்சைப் புல்லே பொசுங்கும். அப்போது என்ன செய்யப் போகிறீர்கள்?

கூட்டெரு (ஆரையம்பதி):

கச்சானோடு மல்லுக்கட்ட வேண்டாம் என்பதுதான் என் முடிவு. நிழல் வலை, ஈரச் சாக்கு என்று ஒவ்வொன்றாகக் கட்டிச் சிலர் காப்பாற்றப் பார்ப்பார்கள். செடி சாகாமல் கிடக்கும், தின்ன ஏற்ற இலை வராது. மேற்குக் காற்று மலையைத் தாண்டி இந்தப் பக்கம் இறங்கும்போது காய்ந்து சூடாகித்தான் வருகிறது. அந்த நேரம் உங்கள் கிணறும் சவர் தட்டும் என்று முதலிலேயே எழுதியிருந்தீர்கள். சூட்டை ஒருவேளை பொறுத்தாலும் உப்பை இது பொறுக்காது. அதே பெட்டியில் சித்திரையில் வல்லாரையை மாற்றி நட்டுவிடுங்கள். அதற்கு அந்த ஈர மண் அருமையாகப் பிடிக்கும்.

வோட்டர்கிரெஸுக்கு விதை எடுத்து வைத்தால் போதும். மாசிக்குப் பிறகு மண் சட்டியில் உள்ளதை வெட்டாமல் பூக்க விடுங்கள். பூ உதிர்ந்ததும் மெலிந்து வளைந்த காய் வரும், ஒரு அங்குலமும் இராது. பச்சையில் பறிக்க வேண்டாம். பழுத்து மஞ்சளாகிக் கபில நிறம் தட்டும்போது, வெடிப்பதற்கு முன்னால், தண்டோடு வெட்டிக் கடதாசிப் பையில் தலைகீழாகப் போட்டு நிழலில் காய வையுங்கள். விதை பையின் அடியில் தானாகவே உதிர்ந்து கிடக்கும். சின்னப் போத்தலில் இறுக மூடிக் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள்.

ஐப்பசியில் முதல் மழை விழுந்த பிறகு ஈர மண்ணின் மேல் தூவினால் சரி. மண் போட்டு மூடக்கூடாது, முளைக்க வெளிச்சம் வேண்டும். பூவாளியால் ஊற்றினால் விதை ஒரு மூலைக்கு அடித்துக்கொண்டு போய்விடும். பெட்டியின் ஓரமாக மெதுவாகத் தண்ணீர் விட்டு, மண் தானாக உறிஞ்ச விடுங்கள். முளைக்கும் வரைக்கும் வீட்டுக்குள் வெளிச்சம் படுகிற குளிர்ந்த மூலையில் இருக்கட்டும், இரண்டு கிழமைக்குள் பச்சை தெரியும். வவுணதீவுத் தம்பிக்கும் கொஞ்சம் கொடுங்கள். வாய்க்காலில் போடாமல் பெட்டியில் போடச் சொல்லிக் கொடுங்கள்.

வயல்காரன் (வவுணதீவு):

பெட்டியில்தான் போடுவேன் ஐயா. தயிர்ச் சட்டி எங்கள் வீட்டில் அடுக்கிக் கிடக்கிறது, அதுவும் சுட்ட மண்தானே, அடியில் ஓட்டை போட்டால் சரிவருமா?

கூட்டெரு (ஆரையம்பதி):

சரிவரும். ஆழம் குறைவு என்பதால் ஒரு சட்டிக்கு இரண்டு நாற்றுக்கு மேல் விட வேண்டாம். ஈரத்தையும் மத்தியானம் ஒருமுறை கூடப் பாருங்கள்.